டிஸ்ட்ரிபியூட்டர் (தானுந்து)

டிஸ்ட்ரிபியூட்டர் அல்லது தீப்பொறிப் பகிர்வி என்பது பெட்ரோல் எந்திரத்தின் ஒவ்வொரு உருளைக்கும் உரிய வரிசையில், உரிய கணத்தில் உயரழுத்த மின்சாரத்தை அனுப்பும் கருவியாகும். இந்தியாவில் அம்பாசடர், பிரீமியர் பத்மினி, தொடக்ககால மாருதி 800 ஆகிய தானுந்துகளில் இது இடம்பெற்றிருந்தது. பின்னர் மின்னணு எரியூட்டு முறைகள் இதன் இடத்தைப் பிடித்தன. இதன் பாகங்களைத் தனித்தனியே கழற்ற இயலுமாதலால், எளிய கருவிகளைக் கொண்டு வீட்டிலேயே பழுதுபார்க்கலாம்.

செயற்படும் முறை

டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு எந்திரத்தின் வணரித்தண்டு சுழலும் வேகத்தில் பாதி வேகத்தில் சுழலும். தண்டின் மேலுள்ள நெம்புருள், பாயிண்ட் எனப்படும் தொடுமுனைகளைத் திறந்து மூடுகிறது. அவை திறக்கும் கணத்தில் காயிலின் முதன்மைச் சுற்றில் மின்னோட்டம் அறுபட, துணைச்சுற்றில் பல்லாயிரம் வோல்ட்டு மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. அம்மின்சாரம் மூடியின் நடுவிலுள்ள கரித்துண்டு வழியாக ரோட்டரை அடைந்து, அங்கிருந்து ஸ்பார்க் பிளக்குகளுக்குச் செல்கிறது. அம்பாசடர், பத்மினி ஆகியவற்றின் நான்கு உருளை பெட்ரோல் எந்திரங்களில் தீப்பொறி வரிசை 1-3-4-2 ஆகும். நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் சுழலும்போது இத்தகைய எந்திரத்திற்கு நொடிக்கு 100 தீப்பொறிகள் தேவை.

கண்டென்சர் தொடுமுனைகளுக்கிடையே தோன்றும் பொறியை அடக்குகிறது. வேகம் கூடும்போது தீப்பொறியை முன்கூட்டியே தருவதற்கு மையவிலக்கு எடைகளும் விற்களும், எந்திரத்தின் சுமைக்கேற்ப நேரத்தை மாற்றுவதற்கு வெற்றிட அமைப்பும் உள்ளன.

உதிரிபாகங்கள்

சென்னை பாடியில் 1961-இல் நிறுவப்பட்ட லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் தானுந்துகளுக்கான மின்கருவிகளைத் தயாரித்து வருகிறது. அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றது. மும்பையில் பத்மினி வாடகை வண்டிகளின் ஓட்டம் 2023 அக்டோபருடன் முடிவுற்றது. எனவே இவ்வகை வண்டிகளை வைத்திருப்போர் பழைய பாகங்களை நாடவேண்டியுள்ளது. கழித்துக்கட்டப்பட்ட வண்டிகளின் பாகங்களுக்குப் பெயர்பெற்றது சென்னையின் புதுப்பேட்டை. அங்கிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவிலுள்ள செஞ்சி போன்ற ஊர்களில் வண்டி வைத்திருப்பவர், எந்தப் பாகத்தைப் பழையதாக வாங்கலாம், எதை வாங்கலாகாது என முன்னரே அறிந்திருத்தல் நன்று.

பழையதாக வாங்கத்தக்கவை: உடற்கூடு, தண்டு, அடித்தட்டு, மையவிலக்கு எடைகள், வெற்றிட உறை. இவை உலோகப் பாகங்களாதலால் தேய்மானத்தை நேரில் ஆராயலாம். தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரியக்கூடாது. ஆட்டமிருப்பின் தொடுமுனை இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும். வெற்றிடக் குழாயை வாயால் உறிஞ்சி நுனியை அடைத்தால், நகர்ந்த தட்டு அப்படியே நிற்கவேண்டும். நில்லாவிடின் உள்ளிருக்கும் சவ்வு கிழிந்துள்ளது எனலாம்.

புதிதாகவே வாங்கவேண்டியவை: கண்டென்சர், மூடி, ரோட்டர், பாயிண்ட். கண்டென்சரின் காப்புப்பொருள் கெட்டிருப்பது வெளியே தெரியாது. மூடியின் மயிரிழை விரிசலில் ஈரமும் கரியும் சேர்ந்தால் மின்சாரம் அவ்வழியே கசியும். மழைநாளில் வண்டி கிளம்பாமைக்கு இது ஒரு காரணமாகும்.

தோற்றத்தில் ஒத்திருப்பினும் வேறு எந்திரத்தின் டிஸ்ட்ரிபியூட்டர் பொருந்தாமற் போகலாம். எடைகளும் விற்களும் எந்திரத்திற்கு எந்திரம் வேறுபடும். பொருந்தாத விற்களால் தீப்பொறி முந்தினால் எந்திரம் தட்டும், நாளடைவில் உந்துருளை சேதமடையும். பிந்தினால் ஆற்றல் குறைந்து எந்திரம் சூடேறும். ஆகவே உடற்கூட்டில் பொறிக்கப்பட்ட எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தபின் வாங்கவேண்டும்.

பழுதுபார்க்கும் முறை

1. மின்கலத்தின் புவி இணைப்பைக் கழற்றவேண்டும். பிளக் கம்பிகளுக்கு எண்ணிடவேண்டும்.
2. முதல் உருளையை அமுக்க வீச்சின் உச்சநிலைக்குக் கொணர்ந்து, ரோட்டர் நோக்கும் திசையையும் உடற்கூட்டின் நிலையையும் குறிக்கவேண்டும். கருவியைக் கழற்றியபின் எந்திரத்தைச் சுழற்றலாகாது.
3. பாகங்களைத் துடைத்து, தேய்ந்தவற்றை மாற்றவேண்டும். புதிய பாயிண்ட் கிடைக்கும்வரை, பழையதில் மேடிட்ட உலோகத்தை நுண்ணிய எண்ணெய்க்கல்லால் தேய்த்துச் சமன்செய்யலாம்.
4. நெம்புருளின் மேட்டில் தொடுமுனைகள் முழுதும் திறந்திருக்கையில் இடைவெளியை ஃபீலர் கேஜ் கொண்டு அளக்கவேண்டும். பல லூகாஸ் வகைகளுக்கு இது 0.35 முதல் 0.40 மி.மீ. வரையாகும், கையேட்டின் அளவே முடிவானது. நெம்புருளில் சிறிதளவு கிரீஸ் இடவேண்டும். மிகுந்தால் தொடுமுனைகளில் படியும்.
5. குறித்த நிலையிலேயே கருவியைப் பொருத்தி, மின்கலத்தை மீண்டும் இணைக்கவேண்டும்.

நேரம் அமைத்தல்

வணரித்தண்டைக் கையேடு கூறும் தீப்பொறிக் குறிக்குக் கொணரவேண்டும். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் மெல்லிய கம்பியின் முனைக்கும் எந்திர உடலுக்கும் இடையே 12 வோல்ட்டு விளக்கை இணைத்துச் சாவியைத் திருப்பவேண்டும். உடற்கூட்டை ரோட்டர் சுழலும் திசையில் திருப்பித் தொடுமுனைகளை மூடியபின், எதிர்த்திசையில் மெல்லத் திருப்பவேண்டும். விளக்கு எரியத் தொடங்கும் புள்ளியே தொடுமுனைகள் திறக்கும் கணமாகும். அங்கேயே திருகை இறுக்கவேண்டும். அமைத்து முடித்ததும் சாவியை அணைத்தல் வேண்டும். தொடுமுனைகள் மூடிய நிலையில் நெடுநேரம் விட்டால் காயில் சூடேறிக் கெடும்.

எச்சரிக்கை

எந்திரம் ஓடும்போது பிளக் கம்பிகளைத் தொடலாகாது. பெட்ரோல் ஆவி பரவியுள்ள இடத்தில் தீப்பொறியைச் சோதிப்பது தீவிபத்தை விளைவிக்கும்.