பழைய செல்போனை காயலான் கடையில் போடலாமா? மின்னணுக் கழிவு விதிகள் சொல்வது என்ன?

ஆன் ஆகாத செல்போன், ஓடாத மிக்சி, பிய்ந்துபோன சார்ஜர்... இதெல்லாம் இல்லாத வீடே இல்லை. ஒருநாள் மொத்தமா அள்ளி காயலான் கடையில் எடைக்குப் போடுகிறோம். நம்ம வேலை முடிஞ்சது. ஆனால், அதற்குள் இருக்கும் நச்சு எங்கே போகிறது?

என்ன ஆபத்து?

பழைய சர்க்யூட் போர்டுகளின் ஈயப்பற்றில் ஈயம் இருக்கிறது. டியூப் லைட்டில் பாதரசம் இருக்கிறது. செம்புக்காக வயரை எரித்தால் நச்சுப்புகை வரும். தங்கத்துக்காக போர்டை ஆசிட்டில் ஊறவைத்தால் அந்தக் கழிவுநீர் மண்ணில் இறங்கும். முதலில் பாதிக்கப்படுவது அந்த வேலையைச் செய்பவர்களும் அவர்களின் குழந்தைகளும்தான். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, கடந்த 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. முன்பு 21 வகைப் பொருட்களுக்கு மட்டுமே விதி இருந்தது. இப்போது அந்தப் பட்டியலில் 106 பொருட்கள்.

தயாரிக்கும்போதே கட்டுப்பாடு தொடங்குகிறது. ஈயம், பாதரசம், ஆறு இணைதிறன் குரோமியம், தீப்பிடிக்காமல் இருக்க பிளாஸ்டிக்கில் சேர்க்கும் இரண்டு வகை புரோமின் ரசாயனங்கள் ஆகியவை தலா 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. காட்மியத்துக்கு வரம்பு 0.01 சதவீதம். சில பாகங்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

யார் பொறுப்பு?

பொருளை விற்பனைக்குக் கொண்டுவரும் நிறுவனம்தான். ஆயுட்காலம் முடியும் பொருட்களின் எடையில் 2023-24, 2024-25ஆம் ஆண்டுகளில் 60 சதவீதம், அடுத்த இரண்டு ஆண்டுகளில் 70 சதவீதம், 2027-28 முதல் 80 சதவீதம் மறுசுழற்சி ஆனதற்கு அந்த நிறுவனம் கணக்குக் காட்ட வேண்டும். பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைகளிடம் இதற்கான சான்றிதழ்களை வாங்கலாம். தவறினால் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்டணும். பணம் கட்டிட்டா பொறுப்பு தீர்ந்துடாது என்றும் விதி சொல்கிறது.

சிக்கல் எங்கே?

நம்ம வீட்டு வாசலில்தான். பொருள் பதிவுபெற்ற ஆலைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் இந்த விதிகளுக்குப் பலன். வயரை எரிக்கும் இடத்துக்குப் போய்விட்டால் சட்டம் காகிதத்தோடு சரி.

நாம் என்ன செய்யலாம்?

* ரிப்பேர் செய்ய முடியுமான்னு முதல்ல பாருங்க.
* கொடுக்கும் முன் போனில் உள்ள தகவல்களை அழித்துவிடுங்கள்.
* பேட்டரியை உடைக்கவோ குப்பைத்தொட்டியில் போடவோ வேண்டாம். அதற்குத் தனி விதிகள் உள்ளன.
* வாங்குபவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள்.

எடைக்கு எவ்வளவு தருவீங்க என்று கேட்பதற்கு முன், எங்கே கொண்டுபோவீங்க என்று கேளுங்கள்.