தேவாலயத்தில் நின்ற தீயணைப்புப் பொறி

இங்கிலாந்துச் சிற்றூர்களின் தீயணைப்பு நிலைய வரலாற்றை ஆராய்வோர் முதற்கண் தேவாலயத்துள் புகுதல் வேண்டும். வில்ட்சயரிலுள்ள கிரேட் விஷ்போர்டு என்னும் ஊரின் தேவாலயத்தில், 1728-இல் வாங்கப்பெற்ற பொறியொன்று காக்கப்பெறுகின்றது. இலண்டனில் ரிச்சர்டு நியூஷம் செய்தளித்தது அது. அவர்தம் பொறிகளில் வாளிகொண்டு தொட்டியை நிரப்புவர். இருமருங்கும் நிற்போர் நெடிய கைப்பிடிகளை ஏற்றியிறக்குவர். விட்டுவிட்டுப் பீறிடவேண்டிய நீரை, உள்ளமைந்த காற்றறை இடையறாத் தாரையாக்கும். பொறியின் உயிர்நிலை இதுவே.

வழிபாட்டிடத்தில் பொறி நின்றது ஏன்? இடவசதி கருதியே என்பார் கூற்று முழுதும் பொருந்தாது. ஊர்வரியைத் தண்டிச் செலவிடும் உரிமை அக்காலத்தே திருச்சபைப் பங்கினிடம் இருந்தது. பங்குதோறும் பொறி வேண்டும் என்ற 1707-ஆம் ஆண்டுச் சட்டமோ இலண்டன் வட்டாரத்திற்கே உரியது; விஷ்போர்டாரை அது கட்டுப்படுத்தவில்லை. சட்டம் பணியாமலே அவர்கள் வாங்கினர் என்பதை நாம் சிறப்பாகக் கருதுகின்றோம். நாடெங்கும் உள்ளாட்சிகளுக்குத் தீயணைப்பு கடமையாகியது 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயாம்.