டாக்டர் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை?

2012ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு கிரேயான் படம் வந்தது. ஏழு வயதுச் சிறுமி தன் டாக்டர் விசிட்டை வரைந்திருக்கிறாள். அவள் பரிசோதனை மேசைமேல் உட்கார்ந்திருக்கிறாள். குடும்பத்தார் பக்கத்தில். டாக்டரோ முதுகைக் காட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருக்கிறார்!

பழியை கம்ப்யூட்டர் மேல் போட்டுவிடலாம், சுலபம். ஆனால் கதை அதற்கு முன்னாலேயே தொடங்குகிறது.

1968ல் லாரன்ஸ் வீட் என்ற டாக்டர் ஒரு யோசனை சொன்னார். நோயாளியின் பிரச்சினைகளைப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே நோயாளி சொன்னது, நீங்கள் பார்த்தது, உங்கள் கணிப்பு, அடுத்து செய்யப்போவது என்று வரிசையாக எழுதுங்கள். அவருக்கு கேஸ் ஷீட் என்பது டாக்டர் ஒழுங்காக யோசிக்க ஒரு கருவி. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் இதை கம்ப்யூட்டரிலும் செய்து பார்த்தார்.

அப்புறம் பணம் உள்ளே வந்தது. மெடிகேர் என்பது முதியோருக்கான அரசுக் காப்பீடு. எந்த அளவு பில்லுக்கு என்னென்ன எழுதியிருக்க வேண்டும் என்று 1995லும் 1997லும் அதற்கு விதிகள் வந்தன. எத்தனை கேள்வி கேட்டீர்கள், எத்தனை உறுப்புகளைப் பார்த்தீர்கள் என்று எண்ணிக் காட்டணும். யோசிக்க எழுதியது போய், பில்லுக்காக எழுதுவது ஆகிவிட்டது.

இந்த நிலைமையில்தான் 2009ல் ஹைடெக் சட்டம் வருகிறது. மின்பதிவுக்கு மாறும் டாக்டருக்கு மெடிகேர் மூலம் 44,000 டாலர் வரை ஊக்கத்தொகை. மாறாதவர்களுக்கு 2015 முதல் பிடித்தம். 2008ல் பத்து சதவீத மருத்துவமனைகளில்கூட இல்லாத மின்பதிவு, 2015க்குள் எண்பது சதவீதத்தைத் தாண்டியது. காகிதத்தில் இருந்த சுமை அப்படியே திரைக்குக் குடிபோனது, கூடவே புதுக் கட்டங்களும் சேர்ந்தன.

விளைவு? 2016ல் 57 டாக்டர்களைப் பக்கத்தில் இருந்தே கவனித்த ஒரு ஆய்வு வந்தது. நோயாளியோடு ஒரு மணி நேரம் என்றால், மின்பதிவுக்கும் மேசை வேலைக்கும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். அதற்கு மேல் ராத்திரி வீட்டிலும் ஒன்றிரண்டு மணி நேரம். இதற்கு 'பைஜாமா நேரம்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரிலேயே மருந்து, டெஸ்ட் எல்லாம் ஆர்டர் போடும் டாக்டர்களுக்குப் பணிச்சோர்வு அதிகம் என்று மேயோ கிளினிக் ஆய்வாளர்களின் சர்வேயும் அதே வருஷம் சொன்னது.

எனக்கு முக்கியமாகப் படுவது 2018ல் வந்த ஒரு ஒப்பீடு. ஒரே சாஃப்ட்வேரைப் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அமெரிக்க டாக்டர் எழுதும் குறிப்பு மற்ற நாடுகளில் எழுதுவதைப்போல சராசரியாக ஏறக்குறைய நான்கு மடங்கு நீளம். மெஷின் ஒன்றுதான், எழுதவைக்கும் காரணம்தான் வேறே.

2021ல் வெளிநோயாளி பில்லுக்கான அந்த எண்ணிக்கை விதிகளைத் தளர்த்தினார்கள். அந்தச் சிறுமி படம் வரைந்து பத்து வருஷம் ஆகும் நேரத்தில். இப்போது டாக்டரின் பேச்சைக் கேட்டுத் தானே குறிப்பு எழுதும் ஏஐ வருகிறது. தட்டுவது குறையும், நல்லதுதான். ஆனால் அந்தக் குறிப்பு யாருக்காக என்ற கேள்வியை அது கேட்காது. அதை நாம்தான் கேட்கணும்.