ஓம் வாத்தியாரும் ஒரு குண்டு பல்பும்

போன வாரம் பரணை ஒழிச்சப்ப பழைய 60 வாட் குண்டு பல்பு ஒண்ணு கிடைச்சது. கை சும்மா இருக்குமா? மல்டிமீட்டரை வச்சுப் பார்த்தேன். அறுபது சொச்சம் ஓம்னு காட்டுது!

பள்ளிக்கூடத்துக் கணக்குப்படி, 60 வாட்டை 230 வோல்ட்டால வகுத்தா 0.26 ஆம்பியர். 230ஐ அதால வகுத்தா 880 ஓம் வரணும். மீட்டர் பொய் சொல்லுதா, வாத்தியார் பொய் சொன்னாரா?

ரெண்டும் இல்லைங்க. எரியும்போது இழையோட சூடு 2000 டிகிரிக்கு மேல போகுது, கூடவே தடையும் ஏறுது. மீட்டர் அளந்தது ஆறிப்போன பல்பை. (சுவிட்சைப் போடுற நேரத்துல பல்பு 'டப்'புனு போறதுக்கும் இதான் காரணம்.)

அளக்கிற பொருள் அளக்கும்போதே மாறினா என்ன பண்றது? இதே தலைவலிதான் ஜெர்மனியில கியார்க் ஓமுக்கும் வந்தது. 1789ல எர்லாங்கன்ல பிறந்தவர். அப்பா பூட்டு செய்யுறவர். முறையா படிக்கலைன்னாலும் தானே கணக்கு கத்துக்கிட்டு புள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஓம் 1817லருந்து கொலோன்ல பள்ளி வாத்தியார்.

கம்பியோட நீளத்துக்கும் மின்னோட்டத்துக்கும் என்ன உறவுன்னு பார்க்க ஆரம்பிச்சார். அந்தக் கால வோல்டா மின்கலம் படுத்திருச்சு. இணைச்ச கொஞ்ச நேரத்துலயே வேகம் குறைஞ்சுடும். அதை நம்பி 1825ல ஒரு மடக்கைச் சூத்திரத்தை அச்சிலயே ஏத்திட்டார். தப்பான சூத்திரம்!

பத்திரிகை ஆசிரியர் பொகென்டார்ஃப் ஒரு யோசனை சொன்னார்: மின்கலத்தை விட்டுட்டு வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்துங்க. பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த இணைப்பு. ஒரு முனை கொதிக்கிற தண்ணியில, இன்னொண்ணு பனிக்கட்டியில. தண்ணி கொதிக்கிற வரைக்கும் பனி இருக்கிற வரைக்கும் மின்னழுத்தம் அசையாது. எவ்வளவு எளிமை பாருங்க!

1826 ஜனவரி. ஒரே தடிமன்ல எட்டு செம்புக் கம்பி, வேற வேற நீளம். மேலே தொங்குற காந்த ஊசி திரும்பினதை முறுக்கி அளந்தார். இந்தத் தடவை சரியான உறவு கிடைச்சது. மின்னழுத்தத்தை மொத்தத் தடையால வகுத்தா மின்னோட்டம். சுற்றோட மத்த பாகங்களின் தடையையும் அதுல மறக்காம சேர்த்திருந்தார். நாம பரீட்சையில மறக்குற அதே உள்தடை :-)

1827ல புத்தகம் வந்தது. ஊர்ல பெரிசா யாரும் கண்டுக்கலை. எதிர்பார்த்த பல்கலைக்கழக வேலை கிடைக்கலை, இருந்த கொலோன் வேலையையும் விட்டார். 1833ல நியூரம்பர்க்ல ஒரு வேலை. லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் கொடுத்தது 1841ல. மியூனிக்ல இயற்பியல் பேராசிரியர் ஆனப்ப வருஷம் 1852, வயசு 63. ரெண்டே வருஷத்துல போய்ச் சேர்ந்துட்டார். எனக்கு மனசு ஆறலை.

இன்னொரு கொடுமை: இங்கிலாந்துல கேவண்டிஷ் 1781லயே இதைக் கண்டுபிடிச்சிருக்கார். மீட்டர் கிடையாது, தன் உடம்புல ஷாக் வாங்கி, அது எவ்வளவு பலம்னு பார்த்து! ஆனா வெளியிடலை. மாக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளை அச்சிட்டது 1879ல.

வாட் கணக்குக்கு ஜூல்தான் வழி போட்டார். பீர் காய்ச்சுற குடும்பத்துப் பையன். கம்பியைத் தண்ணியில வச்சு சூட்டை அளந்து, மின்னோட்டம் ரெண்டு மடங்கானா வெப்பம் நாலு மடங்காகும்னு 1840 வாக்குல கண்டார்.

1881 பாரிஸ் மாநாட்டுல தடையோட அலகுக்கு 'ஓம்'னு பேர் வச்சாங்க. அவர் போய் 27 வருஷம் ஆயிருந்தது.

பல்பை ஹோல்டர்ல மாட்டினேன். இன்னும் எரியுது. அடுத்து இஸ்திரிப் பெட்டியை அளக்கலாம்னு இருக்கேன், வீட்ல முறைக்கிறாங்க.