யாருக்காக இந்த ஊழியம்?

சமயம் அரசியலில் தலையிடலாமா என்று நம்மிடையே சிலர் கேட்கின்றனர். கண்டி மாநகரின் வரலாறு அறிந்தோர்க்கு இக்கேள்வி வியப்பையே தரும். புத்தரின் தந்தத் தாது எவன் கையிலோ அவனுக்கே அரசுரிமை என்று நம்பிய நகரம் இது. இங்கே சமயம் என்றைக்கு அரசியலுக்கு வெளியே நின்றது? கேட்கவேண்டிய கேள்வி வேறு: தலையிட்ட சமயம் யார் பக்கம் நின்றது?

1850களின் நடுவில், கண்டியைச் சூழ்ந்த குன்றுகளில் கோப்பி செழித்திருந்த காலத்தில், ஆங்கிலத் திருச்சபையினர் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்றோர் அமைப்பைத் தொடங்கினர். பெயரிலேயே கூலி! உபதேசியார்கள் தோட்டந்தோறும் நடந்தனர். பள்ளிகள் சில எழுந்தன. எழுத்தறிவின் முதற்கீற்று பல லயங்களுக்கு அவ்வழியாகவே வந்தது என்பதை மறுப்பது நன்றிகேடாகும். ஆனால் அவ்வூழியத்தைத் தொடங்கத் தூண்டியோரும் அதற்குப் பொருளுதவி செய்தோரும் தோட்டத் துரைமாரே. துரையின் நன்கொடையில் வாழும் உபதேசியார் தொழிலாளியின் சம்பளத்தைப் பற்றித் துரையிடம் எப்படிக் கேட்பார்? மறுமையைப் பற்றி நிறையப் பேசினார். பேரேட்டைப் பற்றிப் பேசவில்லை.

நூறாண்டுகள் கழிந்தன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கிற்று; அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மனிதரைக் கணக்குப் போட்டுப் பங்கிட்டனர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னொரு நாள் பார்த்துக்கொள்வதென்று ஒத்திவைத்தனர். பங்கிடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு மலையகத்தார் இட்ட பெயர் ‘அழுகைக் கோச்சி’. எந்த அரசாவணத்திலும் காணமுடியாத உண்மை அப்பெயரில் அடங்கியிருக்கிறது.

இந்நிலையிலேதான் 1972இல் கண்டியில் ‘சத்தியோதய’ என்னும் நிலையம் பிறந்தது. நிறுவியவர் இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் அடிகளார், பறங்கியர் குலத்தவர். வத்திக்கான் சங்கத்தின் புதுக்காற்றைச் சுவாசித்த லியோ நாணயக்கார அப்போது கண்டியின் ஆயர். அவ்வாண்டிறுதியில் அமைந்த பதுளை மறைமாவட்டத்துக்கு அவரே முதல் ஆயரானார். காலத்தையும் கவனிக்கவேண்டும். முந்திய ஆண்டு, 1971 ஏப்ரலில், சிங்களக் கிராமத்து இளைஞர் ஆயுதமேந்தி மாண்டனர். நிலமற்ற அந்த இளைஞருக்கு இயக்கம் நடத்திய வகுப்புகளில், தோட்டத் தமிழன் இந்திய விஸ்தரிப்பின் கருவி என்று போதிக்கப்பட்டிருந்தது. வறியவனுக்கு வறியவனைப் பகையாகக் காட்டிய அந்தப் போதனைக்கு மறுப்பாக, சிங்களவரும் தமிழரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, உண்டு, வேலைசெய்யும் வீடாகச் சத்தியோதய அமைந்தது. சொற்பொழிவால் ஆகாததைச் சோற்றுப் பந்தி செய்யும் என்பது என் எண்ணம்.

வீட்டோடு வேலை நிற்கவில்லை. 1973, 74ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைப் பஞ்சமாகத் தாக்கியது. சாவு வீதம் வெகுவாக ஏறிற்று. வேலையிழந்தோர் நகர வீதிகளில் கையேந்தினர். 1974இல் பெருந்தோட்டப் பகுதிகளுக்கான ஒருங்கிணைப்புச் செயலகம் உருவாயிற்று. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானபோது, துரை மாறினாரேயன்றி லயம் மாறவில்லை என்று இவ்வட்டாரத்தினர் எடுத்துரைத்தனர். 1979இல், பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்த அதே ஆண்டில், இன நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம் தோன்றியது; அடிகளார் அதன் தலைவரானார். 1977இலும் 1983இலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்த நாட்டில், தமிழரல்லாத துறவி ஒருவர் இப்படிப் பேசுவது எளிதன்று. 1983 அக்டோபரில் காலமான குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்கவும் இவ்வரிசையில் நினைக்கத்தக்கவர்.

ஆயினும் மிகைப்படுத்தலாகாது. இவர்கள் திருச்சபையில் சிறுபான்மையினர். முன்வரிசையில் அமர்ந்த கனவான்கள் பலருக்கு இவர்களுடைய பேச்சு செவிக்கு இனிக்கவில்லை. குடியுரிமையை வென்றதும் இவர்கள் மட்டுமல்லர். தொழிலாளரின் சங்க பலமே தலையாயது. 1986 தைப்பொங்கலையொட்டித் தொண்டமானின் தொழிலாளர் காங்கிரஸ் நடத்திய போராட்டத்துக்குப் பெயர் பிரார்த்தனை! வேலைநேரத்தில் இலட்சக்கணக்கானோர் கொழுந்துக் கூடையைக் கீழே வைத்துவிட்டு இறைவனைத் தொழுதனர். கும்பிடுபவனை எந்தச் சட்டத்தால் மடக்குவது? அவ்வாண்டே 94,000 நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கச் சட்டம் வந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு எஞ்சியோரின் வழக்கும் பெரும்பாலும் தீர்ந்தது. கஸ்பர்ஸ் அடிகளார் அதையும் கண்டு, 2017இல் மறைந்தார்.

வாக்குச் சீட்டு வந்தது, காணி வரவில்லை. 2023இல், மலையகத்தார் வந்து இருநூறாண்டு நிறைவுற்றபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்கள் கேட்டவற்றுள் காணியும் வீடும் முதன்மையானவை. என் வகுப்பில் தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகள் பரீட்சை விண்ணப்பத்தை நிரப்புவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பெயரை அழகாக எழுதுவார்கள். முகவரி என்னும் இடத்தில் பேனா சற்றே தயங்கும். லயத்துக்கு இலக்கமில்லை, தெருவில்லை. பிறகு தோட்டத்தின் பெயரை எழுதிவிட்டுத் தாளை என்னிடம் நீட்டுவார்கள்.