'ரொமேனியன்' என்பவர் யார்?

ராக்கெட் இயலின் முன்னோடி ஹெர்மன் ஓபர்த் எந்நாட்டவர்? வகுப்புத் தேர்வில் இதற்கு 'ருமேனியர்' என்று எழுதிய மாணவருக்கு நான் மதிப்பெண் தரவில்லை. என்னிடமிருந்த நூல் அவரை ஜெர்மானியர் என்றது. மாணவரோ, 'ரொமேனியன்' என்று குறிப்பிடும் ஆங்கில நூலொன்றைக் கொண்டு வந்துவிட்டார்!

அச்சொல்லின் வேர் ரோமாபுரி. கி.பி. 106-இல் பேரரசர் டிராஜன், டான்யூப் நதிக்கு வடக்கேயிருந்த டேசியாவை வென்றார். பிற்காலத்தில் அங்கு லத்தீன் வழிமொழி பேசிய மக்கள், ரோமானியர் என்ற பொருளிலேயே தங்களை அழைத்துக்கொண்டனர். அம்மொழியில் 1521-இல் எழுதப்பட்ட கடிதமொன்றில் இப்பெயர் 'ரு' என்றே தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் ரோமத் தொடர்பு விளங்க அதனை 'ரொ' ஆக்கினர். ஆங்கிலத்தில் இரு வடிவங்களும் நெடுங்காலம் வழங்கின. 1970களுக்குப் பிறகே 'ரொமேனியா' நிலைபெற்றது. தமிழில் நாம் இன்றும் 'ருமேனியா' என்றே எழுதுகிறோம்.

எழுத்தைவிடப் பொருளில்தான் சிக்கல் மிகுதி. மொழி, இனம், குடியுரிமை மூன்றுக்கும் ஆங்கிலத்தில் 'ரொமேனியன்' என்ற ஒரே சொல்தான். ஓபர்த் 1894-இல் டிரான்சில்வேனியாவில் பிறந்தபோது அது ஆஸ்திரியா-ஹங்கேரியின் பகுதி. வீட்டுமொழி ஜெர்மன். 1918-இல் அப்பகுதி ருமேனியாவுடன் இணைந்தது. ஜெர்மனியில் ஏற்கப்படாத அவரது ராக்கெட் ஆய்வேட்டை 1923-இல் ஏற்றது ருமேனியாவின் க்ளூஜ் பல்கலைக்கழகம். பின்னர் மெடியாஷ் நகரில் அவர் இயற்பியல் ஆசிரியராகவும் இருந்தார். ஆக, குடியுரிமையால் அன்று ருமேனியர், மொழியால் ஜெர்மானியர்.

மாணவரின் விடைத்தாளைத் திரும்ப வாங்கி, அந்த ஒரு மதிப்பெண்ணைச் சேர்த்துக் கொடுத்தேன். 'ஜெர்மானியர்' என எழுதியவர்களின் மதிப்பெண்ணையும் குறைக்கவில்லை.