எழுதிக் கொடுத்த வீடு: பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் வரலாறு

முதுமையில் கைவிடப்படும் பெற்றோர், தம் பிள்ளைகளிடமிருந்து வாழ்க்கைச் செலவுக்கான தொகையைக் கேட்டுப் பெறவும், அவர்களுக்கு எழுதிக் கொடுத்த சொத்தை மீட்கவும் வழி செய்யும் இந்தியச் சட்டம், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 ஆகும். பெற்றோரைக் காப்பது பிள்ளைகளின் கடமை என்று மரபு சொல்லிவந்தது. அந்தக் கடமையைச் சட்டம் படிப்படியாகவே ஏற்றுக்கொண்டது.

தொடக்க நிலை

ஆங்கிலேயர் கால 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆவது பிரிவு, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமே பராமரிப்புத் தொகை கேட்கும் உரிமையை அளித்தது. பெற்றோர் அதில் இடம்பெறவில்லை. நிலமும் வீடும் மூத்தவர் பெயரில் இருந்த குடும்பங்களில் அந்த உடைமையே அவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது. பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் சென்று தனிக்குடித்தனம் அமைத்தபோது இந்த நிலை மாறியது.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, முதுமையில் அரசு உதவி பெறுவதை 41-ஆவது பிரிவில் குறிப்பிட்டது. ஆனால் அது அரசுக்கு வழிகாட்டும் நெறி மட்டுமே. அதைக் கொண்டு ஒருவர் நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது.

1956 முதல் 2001 வரை

1956-ஆம் ஆண்டின் இந்து சுவீகார, பராமரிப்புச் சட்டம், தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத வயது முதிர்ந்த பெற்றோரைப் பராமரிக்கும் கடமையை மகனுக்கும் மகளுக்கும் விதித்தது. 1973-ஆம் ஆண்டின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், தன் 125-ஆவது பிரிவில் தாய் தந்தையரையும் சேர்த்தது. இதனால் எல்லாச் சமயத்தவருக்கும் இந்த உரிமை கிடைத்தது. ஆனால் மாதம் 500 ரூபாய்க்கு மேல் உத்தரவிட முடியாது என்ற வரம்பு இருந்தது. 2001-இல்தான் அது நீக்கப்பட்டது. திருமணமான மகளுக்கும் இக்கடமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987-இல் தீர்ப்பளித்தது. இன்று இப்பிரிவின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு உள்ளது.

ஆயினும் இரண்டு குறைகள் நீடித்தன. முதலாவது, வழக்கறிஞர் வைத்து நீதிமன்றம் ஏறி இறங்கும் வலிமை எல்லா முதியவர்களுக்கும் இல்லை. இரண்டாவது, எழுதிக் கொடுத்த சொத்து. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, முறையாகப் பதிவு செய்து கொடுத்த தானத்தைக் கொடுத்தவர் தம் விருப்பப்படி திரும்பப் பெற முடியாது. தான செட்டில்மென்ட் பத்திரம் எழுதிய அன்றே உரிமை பிள்ளையின் கைக்குப் போய்விடும். பிறகு சோறு போடாவிட்டாலும் பத்திரம் செல்லும்.

முன்மாதிரிகள்

தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூர், 1995-இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை இயற்றி, இதற்கெனத் தனித் தீர்ப்பாயத்தை அமைத்தது. இந்தியாவில் 1999-இல் முதியோருக்கான தேசியக் கொள்கை வெளியானது. இமாசலப் பிரதேசம் 2001-இல் தனக்கெனப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

2007-ஆம் ஆண்டுச் சட்டம்

நாடாளுமன்றம் நிறைவேற்றிய இச்சட்டத்துக்கு 2007 டிசம்பர் 29 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். இதன் முக்கியக் கூறுகள்:

* 60 வயது நிறைந்தவர் மூத்த குடிமக்கள் ஆவர். பெற்றோருக்கு இந்த வயது வரம்பு இல்லை.
* பிள்ளையில்லாத முதியவர், தம் சொத்தை அடையவிருக்கும் உறவினரிடம் பராமரிப்புக் கேட்கலாம்.
* பராமரிப்புத் தொகை மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய்.
* இடைக்காலத் தொகை கேட்கும் மனுவை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். தேவையானால் மேலும் 30 நாட்கள் நீட்டிக்கலாம்.
* முதியோரைக் கைவிடுவோருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம் இயங்குகிறது. மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

23-ஆவது பிரிவு

இச்சட்டத்தில் அதிகம் பேசப்படுவது இப்பிரிவே. அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன் சொத்தைக் கொடுத்து, பெற்றவர் அதைச் செய்யாவிட்டால், அந்தப் பத்திரம் மோசடியாகப் பெறப்பட்டதாகக் கருதி அதைத் தீர்ப்பாயம் செல்லாததாக அறிவிக்கலாம். சட்டம் நடைமுறைக்கு வந்த பின் எழுதப்பட்ட பத்திரங்களுக்கே இது பொருந்தும்.

சிக்கல் 'நிபந்தனை' என்ற சொல்லில் எழுந்தது. பெற்ற பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கும்போது நிபந்தனை போடத் தயங்குவது பெற்றோர் இயல்பு. பத்திரங்களில் பெரும்பாலும் 'அன்பினாலும் பிரியத்தினாலும்' என்ற சொற்களே இருக்கும். இத்தகைய நிபந்தனை இருந்தது என்று நிறுவ வேண்டும் என 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், மத்தியப் பிரதேச வழக்கொன்றில், முதியோரைக் காக்கும் நோக்கத்துக்கேற்பச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறித் தாயின் சொத்தை மீட்டுக் கொடுத்தது. 2025 மார்ச்சில் நாகப்பட்டினம் வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பும் பிரியமும் தாமே உள்ளுறை நிபந்தனை என்று கூறி, கோட்டாட்சியர் பத்திரத்தை ரத்து செய்ததை உறுதிப்படுத்தியது.

மருமகளை வீட்டைவிட்டு வெளியேற்றும் கருவியாகவும் இச்சட்டம் பயன்படுவதுண்டு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தரும் குடியிருப்பு உரிமையை இதைக் காட்டிப் பறிக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

எட்டாத இடங்கள்

10,000 ரூபாய் வரம்பை நீக்க 2019-இல் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. சொத்தும் இல்லாமல், பிள்ளைகளுக்கும் கூலியே வருமானமாக உள்ள குடும்பங்களில் தீர்ப்பாயத்தால் பெரிதாக எதுவும் செய்ய இயலாது. அவர்களுக்கு முதியோர் ஓய்வூதியமே துணை. தமிழ்நாட்டில் 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய இத்தொகை 2023-இல் 1,200 ரூபாயானது. ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சிப் பிள்ளைமீது மனுக்கொடுக்காமல் இருப்போரையும் சட்டம் எட்டுவதில்லை.

எனவே வீட்டை எழுதிக் கொடுக்கும் முன்னரே எச்சரிக்கை தேவை. பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்தில் வெளிப்படையாக எழுதலாம். ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். அல்லது தம் காலத்துக்குப் பின் நடைமுறைக்கு வரும் உயில் எழுதலாம். உயிலை உயிருள்ளவரை மாற்றி எழுத முடியும். உதவி வேண்டும் முதியோர் 14567 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.